கடலில் கோடு போட்டது யார்?

கேள்வி இதுதான்: "2021-இல் அமெரிக்கப் போர்க்கப்பல் ஒன்று நம்மிடம் அனுமதி கேட்காமலே லட்சத்தீவுப் பக்கம் வந்து போனது. அந்நியக் கப்பல் இஷ்டத்துக்கு வரலாம் என்றால் 'நம் கடல்' என்று சொல்வதற்கு என்ன பொருள்? கடல் ஒரு நாட்டுக்குச் சொந்தம் என்ற எண்ணம் எப்போது, யாரால் வந்தது?"

கேட்டவர் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர் போலிருக்கிறது. நான் கப்பல் வழக்கு நடத்துகிற வக்கீல். தம்புச் செட்டித் தெருவில் அறை; கொஞ்சம் நடந்தால் துறைமுகம், இந்தப் பக்கம் திரும்பினால் உயர் நீதிமன்றம். தேர்வுக்கு வேண்டியதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சின்னப் பதில். ஜான் பால் ஜோன்ஸ் என்ற அந்தக் கப்பல் 2021 ஏப்ரல் 7 அன்று போனது லட்சத்தீவுக்கு மேற்கே சுமார் 130 கடல் மைல் தள்ளி. நம் இறையாண்மை முழுசாகச் செல்லுபடியாவது 12 கடல் மைல் வரைதான். அதற்கப்பால் 200 மைல் வரை (இனி மைல் என்றாலே கடல் மைல்தான்) இருப்பது பிரத்தியேகப் பொருளாதார மண்டலம். அதை ஊர்க் குளத்து மீன் குத்தகை என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஏலம் எடுத்தவரைத் தவிர வேறு யாரும் குளத்தில் வலை போடக்கூடாது. ஆனால் மாடு குளிப்பாட்ட வருகிறவரையும் துணி துவைக்க வருகிறவரையும் குத்தகைக்காரர் தடுக்க முடியாது. அதுபோல மீனும் எண்ணெயும் நமக்கு, கடந்து போகிற வழி எல்லாருக்கும். சரி, அந்தக் குளக்கரையில் ஒருவன் துப்பாக்கியோடு வந்து குறிபார்த்துப் பழகினால்? எங்கள் சம்மதம் இல்லாமல் கூடாது என்கிறது இந்தியா. சட்டத்தில் அப்படி எங்கும் இல்லை என்கிறது அமெரிக்கா. இந்தியாவின் அந்த நிபந்தனையை ஏற்கவில்லை என்று காட்டுவதற்காகவே அந்தக் கப்பலை அனுப்பி, அனுப்பியதை அறிக்கையாகவும் வெளியிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், எந்தக் கடல் சட்ட உடன்படிக்கையைக் காட்டி இரண்டு பேரும் வாதாடுகிறார்களோ அதில் இந்தியா 1995-இல் சேர்ந்துவிட்டது. அமெரிக்கா இன்றுவரை சேரவில்லை.

இனி பெரிய பதில். அதற்கு மெரினாவுக்குப் போக வேண்டும்.

அலை காலில் படுகிற இடத்தில் நின்று கிழக்கே பாருங்கள். சராசரி உயரமுள்ள ஆளுக்குத் தொடுவானம் ஐந்து கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் இருக்கும். அதாவது மூன்று கடல் மைலுக்குள். இப்போது கலங்கரை விளக்கத்தில் ஏறுங்கள். கண் சுமார் 40 மீட்டர் உயரத்தில் இருந்தால் தொடுவானம் 22 கிலோமீட்டருக்குத் தள்ளிப் போகும். 12 கடல் மைல் என்பதும் 22.2 கிலோமீட்டர்தான். எந்தச் சட்டப் புத்தகமும் இப்படி அளந்து எழுதப்பட்டதல்ல, தற்செயல்தான். ஆனாலும் மூன்று மைல் என்ற பழைய எல்லை மணலில் நிற்பவனின் கண்ணுக்கு, 12 மைல் என்ற புதிய எல்லை மேலே ஏறியவனின் கண்ணுக்கு என்று ஞாபகம் வைத்துக்கொள்ள வசதியாக இருக்கிறது. என்னிடம் வரும் ஜூனியர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன்.

கடலைச் சொந்தம் கொண்டாடுவது வெள்ளைக்காரன் கொண்டுவந்த பழக்கம் என்று சிலர் எழுதுகிறார்கள். முழு உண்மை இல்லை. புறநானூற்றில் 126-ஆம் பாட்டில் ஓர் உவமை வரும். சேரன் மேற்குக் கடலில் பொன் கொண்டுவரும் நாவாய் ஓட்டிய வழியில் "பிறகலம் செல்கலாது" என்று. அவன் கப்பல் போகும் பாதையில் இன்னொருவன் கப்பல் போக முடியாது. எல்லைக்கோடு இல்லை, மைல் கணக்கும் இல்லை; வலிமை எட்டுகிற வரை உரிமை. பாண்டியர்கள் கொற்கையில் முத்துக் குளிப்பதைத் தங்கள் ஆட்சிக்குள் வைத்திருந்ததும் ஏறக்குறைய இந்தக் கணக்குதான். ஆனால் திறந்த கடலில் போகிற எல்லாக் கப்பலும் என்னிடம் சீட்டு வாங்க வேண்டும் என்று ஒரு முறையாகவே நடத்தியது போர்ச்சுகீசியர்கள்.

அந்தச் சீட்டுக்குக் 'கர்த்தாஸ்' என்று பெயர். 1500-களின் தொடக்கத்திலேயே ஆரம்பித்துவிட்டார்கள். கப்பல் எது, நகுதா (கப்பல் தலைவன்) யார், எந்தத் துறையிலிருந்து எங்கே போகிறது, எத்தனை ஆள், என்ன ஆயுதம் எல்லாம் அதில் எழுதியிருக்கும். மிளகு ஏற்றக்கூடாது, இன்னின்ன துறைக்குப் போகக்கூடாது என்று நிபந்தனை வேறு. வழியில் போர்ச்சுகீசியத் துறையில் நின்று சுங்கம் கட்ட வேண்டும். சீட்டு இல்லாத கப்பல் பிடிபட்டால் சரக்கும் போகும், சில சமயம் கப்பலில் இருந்தவர்கள் உயிரும் போகும். தலைமுறை தலைமுறையாக இந்தக் கடலில் ஓடிய மரக்காயர்களும் குஜராத்திகளும் தங்கள் சொந்தத் தண்ணீரில் போவதற்கு லிஸ்பனின் கையெழுத்தை வாங்கினார்கள். நம் மயிலாப்பூர் சாந்தோமிலும் போர்ச்சுகீசியர் அப்போது குடியேறி இருந்தார்கள்.

இதை எதிர்த்து வந்ததுதான் கடல் சட்டத்தின் மிகப் புகழ்பெற்ற வாதம். 1603-இல் சிங்கப்பூர் அருகே டச்சுக்காரர்கள் 'சாந்தா கத்தரீனா' என்ற போர்ச்சுகீசியக் கப்பலைப் பிடித்துச் சரக்கை ஆம்ஸ்டர்டாமில் ஏலம் விட்டார்கள். பிடித்தது நியாயம்தான் என்று வாதாட ஓர் இளம் வக்கீலை அமர்த்தினார்கள். அவர் பெயர் ஹியூகோ குரோஷியஸ். கடலை வேலி போட முடியாது, காற்றைப் போல அது எல்லாருக்கும் பொது, போர்ச்சுகல் இந்தியக் கடலுக்குச் சொந்தக்காரன் அல்ல என்று அவர் எழுதியது 1609-இல் வெளியானது. சட்டக் கல்லூரியில் இதைப் பெரிய மனிதநேய ஆவணம் போலச் சொல்லிக் கொடுத்தார்கள். ஒரு தொழில்முறை வக்கீலாக நான் படித்தபோது எனக்குத் தெரிந்தது, கட்சிக்காரருக்காக நன்றாக எழுதப்பட்ட மனு.

சந்தேகம் இருந்தால் பழவேற்காட்டுக்குப் போய்ப் பாருங்கள், சென்னையிலிருந்து அறுபது கிலோமீட்டர்கூட இல்லை. கடல் பொது என்று புத்தகம் வந்த நாலே வருடத்தில், 1613-இல், அதே டச்சுக் கம்பெனி அங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டி முடித்தது. கோட்டை இன்று மேடும் புதருமாகக் கிடக்கிறது. கல்லறைத் தோட்டத்தின் வாசலில் செதுக்கிய எலும்புக்கூடுகள் மட்டும் இன்னும் நிற்கின்றன. சோழமண்டலக் கரையில் காலூன்றியதும் டச்சுக்காரர்களும் கப்பல்களுக்குச் சீட்டுக் கொடுக்கத் தொடங்கினார்கள். 1658-இல் தூத்துக்குடியைப் போர்ச்சுகீசியரிடமிருந்து பிடித்து முத்துக்குளிப்பையும் கையில் எடுத்துக்கொண்டார்கள். அடுத்தவன் வைத்திருக்கும்வரை கடல் பொது, தன் கைக்கு வந்ததும் கடல் சொந்தம். நான் கீழே சொல்லப்போகிற நானூறு வருடத்திலும் இந்தப் பழக்கம் மாறவே இல்லை. கப்பல் பலம் உள்ளவன் கடல் பொது என்பான். கரை மட்டும் உள்ளவன் இது என் கடல் என்பான். கையில் இருப்பது மாறினால் வாதமும் மாறும்.

அப்புறம் மூன்று மைல் எப்படி வந்தது? 1700-களின் தொடக்கத்தில் பைங்கர்ஷோக் என்ற இன்னொரு டச்சுச் சட்ட அறிஞர், கரையின் ஆட்சி ஆயுதத்தின் பலம் முடிகிற இடத்தில் முடிகிறது என்றார். பீரங்கிக் குண்டு எட்டுகிற தூரம் என்று பொருள். 1782-இல் இத்தாலியரான கலியானி, ஒவ்வொரு துறையிலும் பீரங்கி எவ்வளவு சுடும் என்று அளந்துகொண்டிருக்க முடியாது, பொதுவாக மூன்று மைல் என்று வைத்துக்கொள்ளலாம் என்று யோசனை சொன்னார். 1793-இல் அமெரிக்காவுக்காக அதன் வெளியுறவு அமைச்சர் ஜெபர்சன் அதே மூன்று மைலைத் தற்காலிகமாக எடுத்துக்கொண்டார். தற்காலிகம் என்று வந்தது நூற்றைம்பது வருடம் நின்றது. பிரிட்டனுக்கு அது ரொம்ப வசதி. உலகத்திலேயே பெரிய கடற்படை கையில் இருக்கும்போது அடுத்த நாட்டின் எல்லை எவ்வளவு குறுகலாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது.

பீரங்கிக் கணக்கு எவ்வளவு பழசாகிப் போயிருந்தது என்பதற்குச் சென்னையிலேயே சாட்சி உண்டு. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் கப்பல் எம்டன் துறைமுகத்துக்கு எதிரே மூவாயிரம் கெஜம் அளவுக்கு நெருங்கி வந்து, எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போய்விட்டது. உயர் நீதிமன்றச் சுவரில் அந்தக் குண்டு விழுந்த இடத்தில் கல்வெட்டு இருக்கிறது. அதைக் கடந்துதான் நாங்கள் தினமும் உள்ளே போகிறோம். போர்க்காலம் என்பதால் அதை எல்லை மீறல் என்று யாரும் வழக்குப் போடவில்லைதான். ஆனால் மூன்று மைலுக்குள் வந்த கப்பலைக் கரைப் பீரங்கி ஒன்றும் செய்ய முடியவில்லை என்பதை ஊரே பார்த்தது. எமகாதகனை 'சரியான எம்டன்' என்கிறோமே, அந்த வார்த்தை அன்று இரவு கிடைத்ததுதான்.

இடையில் ஒரு வழக்கைச் சொல்லியாக வேண்டும். 1876-இல் டோவர் கரையிலிருந்து மூன்று மைலுக்குள் 'பிராங்கோனியா' என்ற ஜெர்மன் கப்பல் ஓர் ஆங்கிலேயக் கப்பலை இடித்து மூழ்கடித்தது. பலர் இறந்தார்கள். ஜெர்மன் கேப்டனை ஆங்கிலேய நீதிமன்றம் தண்டிக்க முடியுமா? பதின்மூன்று நீதிபதிகளில் ஏழு பேர் முடியாது என்றார்கள், ஆறு பேர் முடியும் என்றார்கள். மூன்று மைல் என்று ஊருக்கெல்லாம் சொன்ன நாட்டுக்கே அந்த மூன்று மைலில் தன் குற்றவியல் சட்டம் செல்லுமா என்று தெரியவில்லை! அவசரமாக 1878-இல் சட்டம் கொண்டுவந்து அடைத்தார்கள்.

நம் சென்னை உயர் நீதிமன்றம் அதற்குப் பிறகு ஒரு படி மேலே போனது. 1904-ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பில் அன்னக்குமாரு பிள்ளைக்கும் முத்துப்பாயலுக்கும் நடந்த வழக்கு இருக்கிறது. ராமநாதபுரம் கடலில் சங்குப் படுகை ராஜாவுக்குச் சொந்தம். அவரிடம் குத்தகை எடுத்தவருக்குத் தெரியாமல் வேறு ஆட்கள் மூழ்கிச் சங்கு எடுத்துவிட்டார்கள். இது திருட்டா? திருட்டு என்றால் கடலடியில் கிடக்கும் சங்கு ஒருவரின் கைவசம் இருந்ததாக ஆக வேண்டும். அதற்கு முன்பு அந்தக் கடலே நம் ஆட்சிக்குள் இருக்க வேண்டும். நீதிமன்றம் மூன்று மைலோடு நிற்கவில்லை. பாக் விரிகுடாவின் சுற்றளவில் ஒன்பதில் எட்டுப் பங்கு பிரிட்டிஷ் மன்னரின் நிலத்தால் சூழப்பட்டிருக்கிறது, இந்தியா, இலங்கை இரு கரை மக்களும் நூற்றாண்டுகளாக அதைப் பயன்படுத்தி வருகிறார்கள், ஆகவே அதைத் திறந்த கடலாகக் கருத முடியாது, அது ஆட்சிப்பகுதியின் பிரிக்க முடியாத அங்கம் என்றது. சர்வதேசச் சட்டத்தில் 'வரலாற்று நீர்ப்பரப்பு' என்று ஒரு கோட்பாடு பேசும்போது பாக் விரிகுடாவை இன்றும் உதாரணமாகக் காட்டுகிறார்கள். அதற்கு அடித்தளம் போட்டது நாலு சங்கு திருடிய வழக்கு. இரண்டு கரையும் ஒரே மன்னர் கையில் இருந்தவரைதான் அந்தத் தர்க்கம் சிக்கலில்லாமல் ஓடியது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

மூன்று மைலை உடைத்தது ஏழை நாடு என்று எல்லாரும் நினைப்பார்கள். இல்லை, அமெரிக்கா. 1945 செப்டம்பரில் அதிபர் ட்ரூமன், எங்கள் கரையை ஒட்டிய கடலடித் திட்டில் உள்ள எண்ணெயும் கனிமமும் எங்களுடையவை என்று அறிவித்தார். மேலே ஓடும் தண்ணீர் பொதுதான், அடியில் இருப்பது மட்டும் எங்களுக்கு என்று நாசூக்காகச் சொன்னார். சிலி, பெரு நாடுகளுக்கு அந்த நாசூக்கு உதவாது. அவர்கள் கரையை ஒட்டிக் கடல் சட்டென்று ஆழமாகிவிடும், திட்டே கிடையாது. அவர்களுக்கு இருந்தது குளிர் நீரோட்டமும் அதில் திரளும் மீனும். உனக்குத் திட்டு என்றால் எனக்குத் தண்ணீர் என்று 1947-இல் இரண்டு நாடுகளும் 200 மைலைக் கோரின. 1952-இல் ஈக்வடாரும் சேர்ந்து சான்டியாகோவில் கூட்டாக அறிவித்தது. உலகம் சிரித்தது. 1954-இல் கிரேக்கக் கப்பல் முதலாளி ஒனாஸிஸின் திமிங்கில வேட்டைக் கப்பல்களைப் பெரு பிடித்து முப்பது லட்சம் டாலர் அபராதம் போட்டபோது சிரிப்பு கொஞ்சம் அடங்கியது. அமெரிக்கச் சூரைமீன் படகுகளும் அங்கே தொடர்ந்து மாட்டின. அதே 1954-இல் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டது: இப்படிப் பிடிபடும் நம் படகுகளின் அபராதத்தை அரசாங்கமே திருப்பிக் கொடுக்கும். போய் அத்துமீறு, பில்லைக் கொண்டு வா என்ற கதை.

ஆனால் இந்த வரலாற்றில் எனக்குப் பிடித்த பகுதி ஐஸ்லாந்து. ராணுவமே இல்லாத நாடு. கையில் சில ரோந்துக் கப்பல்கள். பிரிட்டிஷ் இழுவைப் படகுகள் வாசல்வரை வந்து காட் மீனை அள்ளிக்கொண்டு போயின. ஐஸ்லாந்து எல்லையை 1952-இல் 4 மைல், 1958-இல் 12, 1972-இல் 50, 1975-இல் 200 என்று நீட்டிக்கொண்டே போனது. ஒவ்வொரு தடவையும் பிரிட்டன் மறுத்தது. மூன்று தடவை தன் படகுகளுக்குப் பாதுகாப்பாகப் போர்க்கப்பல்களை அனுப்பியது. 1972 செப்டம்பரில் ஐஸ்லாந்து ஒரு கருவியை இறக்கியது. நங்கூரம் மாதிரி ஒரு கொக்கி. அதில் கூர்மையான வெட்டுப் பற்கள். இழுவைப் படகின் பின்னால் குறுக்கே போய் இதைக் கயிற்றில் இழுத்தால், மடியை, அதாவது இழுவை வலையை, இழுக்கும் இரும்பு வடம் அறுந்துவிடும். வலையும் போச்சு, உள்ளே இருக்கும் மீனும் போச்சு. இதற்கு ஒரு குண்டு சுட வேண்டாம், ஆளைக் கொல்லவும் வேண்டாம், ஆனால் முதலாளிக்கு நஷ்டம். காசிமேட்டில் இழுவை மடி வைத்திருப்பவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், முகம் எப்படி மாறுகிறது என்று தெரியும். நான் ஒரு தடவை சொன்னேன். "யோவ் சார், வடம் என்னா விலை தெரியுமா?" என்று பதறினார், ஏதோ அறுந்தது அவர் வடம்போல.

1974-இல் சர்வதேச நீதிமன்றம், 50 மைல் எல்லை பிரிட்டனைக் கட்டுப்படுத்தாது என்று தீர்ப்புச் சொன்னது. ஐஸ்லாந்து அந்த வழக்கில் ஆஜராகவே இல்லை. தீர்ப்பைச் சட்டையும் செய்யவில்லை. அதற்குப் பதில், கெப்லாவிக்கில் உள்ள நேட்டோ தளத்தை மூடிவிடுவேன் என்று மிரட்டியது. பனிப்போர்க் காலம், சோவியத் நீர்மூழ்கிகளைக் கண்காணிக்க அந்தத் தளம் வேண்டும். 1976 ஜூனில் பிரிட்டன் இறங்கி வந்தது. அதைவிட அழகு, அடுத்த ஜனவரி 1 அன்று பிரிட்டனே தனக்கு 200 மைல் மீன்பிடி எல்லையை அறிவித்துக்கொண்டது. மேலே சொன்ன டச்சுக்காரர் கதைதான் திரும்பவும்.

மாநாடுகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1930 ஹேக், எத்தனை மைல் என்பதில் தோல்வி. 1958 ஜெனிவா, மற்றதெல்லாம் எழுதினார்கள், மைல் மட்டும் எழுத முடியவில்லை. 1960-இல் ஆட்சிக்கடல் 6, மீன்பிடிக்கு இன்னொரு 6 என்ற சமரசத்துக்கு 54 நாடுகள் ஆதரவு, 28 எதிர்ப்பு. மூன்றில் இரண்டு பங்குக்கு ஒரே ஒரு ஓட்டுக் குறைவு. 1973-இல் தொடங்கி 1982 வரை இழுத்த மூன்றாவது மாநாட்டில்தான் 12, 24, 200 என்ற இன்றைய கணக்கு முடிவானது. நடுவில் வரும் 24 வரை சுங்கம், குடியேற்றம் போன்றவற்றுக்காகக் கண்காணிக்க மட்டும் கரை நாட்டுக்கு அதிகாரம். 1982 டிசம்பர் 10 அன்று ஜமைக்காவில் கையெழுத்து, 1994 நவம்பரில் அமல்.

இந்தியா அதற்காகக் காத்திருக்கவில்லை. 1956-இல் 6 மைல், 1967-இல் 12 மைல். 1976-இல் அரசியல் சட்டத்தின் 297-ஆவது பிரிவைத் திருத்தி, கடல் மண்டலங்கள் சட்டத்தையும் கொண்டுவந்தார்கள். 200 மைல் மண்டலம் 1977 ஜனவரி 15 முதல். கடலோரக் காவல் படை பிப்ரவரி 1 முதல். இதில் சென்னைக்காரனாக எனக்கு ஒரு சின்னச் சந்தோஷம்: 1894 முதல் உயர் நீதிமன்றக் குவிமாடத்தில் எரிந்துகொண்டிருந்த விளக்கு அணைந்து, மெரினாவின் புதிய கலங்கரை விளக்கம் ஒளி வீசத் தொடங்கியதும் அதே 1977 ஜனவரிதான். அப்போதெல்லாம் தாய்லாந்து, தைவான் இழுவைப் படகுகள் நம் கடலில் சகஜமாக வந்துபோன காலம். அவற்றைப் பிடித்துப் பறிமுதல் செய்யத் தனிச் சட்டம் 1981-இல் வந்தது.

12 மைலுக்குள் நம் ஆட்சி முழுது என்றேன். அதிலும் ஒரு விலக்கு இருக்கிறது, 'தீங்கற்ற கடப்பு' என்பார்கள். எந்த நாட்டுச் சரக்குக் கப்பலும் நிற்காமல், வம்பு செய்யாமல், நேராகக் கடந்து போகலாம். நம் தோட்டத்துக்குள் ஊர்ப்பாதை போகிற மாதிரி. போர்க்கப்பல் என்றால் முன்கூட்டித் தெரிவித்துவிட்டு வர வேண்டும் என்பது நம் 1976 சட்டம். 2013 அக்டோபரில் தூத்துக்குடி அருகே 35 பேரோடும் துப்பாக்கிகளோடும் பிடிபட்ட 'சீமேன் கார்டு ஓஹியோ' என்ற கப்பல் நினைவிருக்கும். கடற்கொள்ளையரிடமிருந்து வணிகக் கப்பல்களைக் காக்கும் தனியார் காவலர்கள் அவர்கள். எண்ணெய் தீர்ந்தது, புயலுக்கு ஒதுங்கினோம் என்றார்கள். 2016-இல் கீழ் நீதிமன்றம் ஐந்து வருடத் தண்டனை கொடுத்தது. 2017 நவம்பரில் மதுரைக் கிளை விடுதலை செய்தது. கடல் எல்லை வழக்கு என்றால் வீரவசனம் இருக்கும் என்று நினைப்பீர்கள். அங்கே நாள்கணக்கில் பேசுவது அளவை பற்றி: அந்த நேரத்தில் கப்பல் எங்கே நின்றது, மைலை எங்கிருந்து எண்ணுவது, கரையிலிருந்தா, கரைக்கு எதிரே இருக்கும் தீவிலிருந்தா. சட்டப்படி பொதுவாகத் தாழ்ந்த வற்றுக்கோட்டிலிருந்து, அதாவது கடல் முழுக்க வற்றும்போது தண்ணீர் நிற்கிற இடத்திலிருந்து, எண்ண வேண்டும், தீவுக்கும் அந்தக் கோடு உண்டு.

கேரளத்தில் 2012 பிப்ரவரியில் இரண்டு மீனவர்களை இத்தாலியக் கப்பலில் இருந்த கடற்படை வீரர்கள் சுட்டுக்கொன்றது நடந்தது 20.5 மைலில். 12-க்கு வெளியே, 24-க்கு உள்ளே. கேரள அரசுக்கு அங்கே அதிகாரம் இல்லை, மத்திய அரசுக்கு உண்டு என்றது உச்ச நீதிமன்றம். 2020-இல் சர்வதேச நடுவர் மன்றம், வீரர்களை விசாரிக்கும் உரிமை இத்தாலிக்குத்தான், இந்தியாவுக்கு இழப்பீடு என்றது. பத்துக் கோடி ரூபாய் வந்தது. தோற்றோமா ஜெயித்தோமா என்று கேட்டால், ஒன்பது மைல் உள்ளே நடந்திருந்தால் கதையே வேறு என்றுதான் சொல்வேன். தோற்றதை மதித்ததும் உண்டு: 2014-இல் வங்கதேசத்தோடு நடந்த எல்லை வழக்கில், தகராறில் இருந்த 25,602 சதுர கிலோமீட்டரில் 19,467 அவர்களுக்குப் போனது, இந்தியா ஏற்றுக்கொண்டது. தென்சீனக் கடலில் பிலிப்பைன்ஸ் தொடுத்த வழக்கின் 2016 தீர்ப்பைச் சீனா தூக்கி எறிந்ததோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

இப்போது பாக் விரிகுடா. அங்கே 200 மைல் மண்டலத்துக்கு இடமே கிடையாது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவில் முப்பது கிலோமீட்டர் அளவுதான். இந்தியாவும் இலங்கையும் தனித்தனி நாடுகள் ஆனதும் நடுவில் கோடு போட்டே ஆக வேண்டும் என்றாயிற்று. 1974 ஜூன் ஒப்பந்தத்தில் 285 ஏக்கர் கச்சத்தீவு கோட்டுக்கு அந்தப் பக்கம் போனது. யாத்திரை போகலாம், பழைய உரிமைகள் தொடரும் என்று அதில் வாசகம் இருந்தது. 1976 மார்ச்சில் மன்னார் வளைகுடாவுக்குக் கோடு நீட்டியபோது, ஒருவர் கடலில் மற்றவர் மீன் பிடிக்கக்கூடாது என்று கடிதப் பரிமாற்றத்தில் எழுதினார்கள். பதிலுக்குக் கன்னியாகுமரிக்குத் தெற்கே உள்ள வாட்ஜ் திட்டு என்ற மீன் வளமுள்ள கடலடி மேடு நம்முடையது என்று உறுதியானது. இலங்கைப் படகுகள் ஆறுக்கு மட்டும் மூன்று வருட அவகாசம். ஆக, இந்தியாவுக்குப் பெரிய கடல் கிடைத்த அதே ஆண்டில் ராமேஸ்வரத்துக்காரருக்குக் கடல் சுருங்கியது. 1904-இல் நம் நீதிமன்றம் எந்த நூற்றாண்டுப் பயன்பாட்டைக் காட்டி இது திறந்த கடல் அல்ல என்றதோ, அந்தப் பயன்பாட்டைச் செய்தவர்களிடம் 1974-இலும் 1976-இலும் யாரும் கேட்கவில்லை. இது என் வருத்தம்.

அதோடு இன்னொன்றையும் மறைக்கக்கூடாது. அந்நியக் கப்பல் ஊடுருவுவதைப் பற்றி நீங்கள் கேட்டீர்கள். யாழ்ப்பாணத்திலோ மன்னாரிலோ ஃபைபர் படகு வைத்திருக்கும் மீனவரைக் கேட்டால், ராத்திரி வந்து தன் வலையை அறுத்துப் போகும் இழுவைப் படகுதான் ஊடுருவல் என்பார். அந்தப் படகு நம் கரையிலிருந்து போனது. அவரும் தமிழர்தான். அவர் கண்ணில் நாம் பிரிட்டன், அவர் ஐஸ்லாந்து. நம் மீனவரைச் சுடுவதற்கும் அடிப்பதற்கும் இது நியாயம் ஆகாது, ஆனால் இதைச் சொல்லாமல் கடல் உரிமை பேசுவது பாதிப் பேச்சு.

ஆயுதம் இல்லாமல் கையெழுத்தோடு வந்த ஊடுருவலும் உண்டு. 1991-இல் ஆழ்கடல் மீன்பிடிக் கொள்கை என்ற பெயரில் வெளிநாட்டுக் கப்பல்களுக்குக் கூட்டு முயற்சி, குத்தகை என்று நம் அரசே உரிமம் கொடுத்தது. நாடு முழுக்க மீனவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். முராரி என்பவர் தலைமையில் அரசு குழு அமைத்தது. 1996-இல் அந்தக் குழு இந்த உரிமங்களை ரத்து செய்யச் சொன்னது. அப்புறமும் வேறு பெயரில் தொடர்ந்த அனுமதிக் கடிதங்கள் நின்றது 2017-இல்தான். கர்த்தாஸ் சீட்டு எப்படி இருந்திருக்கும் என்று யோசிக்கும்போது எனக்கு அந்த அனுமதிக் கடிதங்கள்தான் ஞாபகம் வரும், கையெழுத்துப் போட்டவர் மட்டும் நம் ஆள்.

போன வருடம் ஒரு வழக்குக்காகக் காசிமேட்டில் விசைப்படகு ஒன்றில் ஏறினேன். படகு ஓட்டுகிற டிரைவர் வீல்ஹவுசில் இருந்த ஜிபிஎஸ்ஸைத் தட்டிக் காட்டினார். உள்ளங்கை அகலத் திரை, ஓரத்தில் உப்புப் பூத்திருந்தது. தெற்கே போனால் சிவப்பாக ஒரு கோடு வரும், தாண்டினால் பீப் அடிக்கும் என்றார். "ராத்திரி நீரோட்டம் இழுத்துக்கினு போவும் சார். பீப் அடிக்கிறப்ப பாத்தா ரெண்டு நாட்டிக்கல் உள்ள நிப்போம். மடி கீழ கெடக்கும், சட்டுனு திரும்பவும் முடியாது." கோடு போட்டவர்கள் நீரோட்டத்தைக் கேட்டார்களா என்று எனக்கும் அப்போது தோன்றியது.

கடைசியாக, நீங்கள் தனியாகக் கேட்டிருந்த ஒன்று: வெளிநாட்டுப் படகு நம் கடலில் மீன் பிடிப்பதைப் பார்த்தால் மீனவர் என்ன செய்யலாம்? கிட்டே போகக்கூடாது, வலையை அறுக்கவும் கூடாது. ஐஸ்லாந்துக்காரர்கள் செய்தது அரசுக் கப்பலில் வந்து. அட்சரேகை, தீர்க்கரேகை, நேரம், படகின் நிறம், பெயர் அல்லது எண், வலை இறங்கியிருக்கிறதா என்பதைக் குறித்துக்கொண்டு, வயர்லெஸ் சானல் 16-இலோ 1554 என்ற எண்ணிலோ கடலோரக் காவல் படைக்குச் சொல்லலாம். வலை இறங்கியிருந்ததா என்பதைக் கட்டாயம் குறிக்கச் சொல்லுங்கள். வலை மேலே சுருட்டி இருந்தால் அது கடந்து போகிற கப்பல், இறங்கியிருந்தால் பிடிக்க வேண்டிய கப்பல்; நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வக்கீல் கேட்கும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.